நர்ஸக்காவின் பட்டன் போன்

மருந்து மேசைமேல் அந்தப் பெரிய டச் போன் சத்தமே இல்லாமல் மின்னி மின்னி அணைந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குமராட்சிப் பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் அப்போது நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் நர்ஸக்கா வாசலில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். எங்கே எது பட்டதோ, போனில் மணிச் சத்தம் போயிருந்தது. அவர் வந்து பார்த்தபோது ஒரே வீட்டிலிருந்து ஆறு அழைப்புகள். தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த பெண்ணின் வீடு.

திரும்பக் கூப்பிட விரலை வைத்தார். பாட்டு வந்தது. மறுபடி வைத்தார். கேமரா திறந்து அவர் முகத்தையே அவருக்குக் காட்டியது. "இத எப்புடிம்மா கூப்புடறது?" என்று பதறி என்னிடம் நீட்டினார். நான் வாங்கி அந்த வீட்டுக்குப் பேசுவதற்குள் சிதம்பரம் போகும் வழியில் ஷேர் ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. நல்லவேளை, இரண்டு உயிரும் பிழைத்தன. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து, "உங்க நம்பர செவுத்துல எழுதி வச்சிருக்கோம் சிஸ்டர். எதுக்கு எழுதி வச்சோம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் போன் சென்னையில் வேலை பார்க்கும் அக்காவின் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்தது. அன்று சாயங்காலமே அக்கா என்னை அழைத்துக்கொண்டு சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கடைக்குப் போனார்.

"பட்டன் போனா? இப்பல்லாம் யாரும்மா அத வாங்கறாங்க? இதுல பாருங்க, ரேடியோ, கேமரா, கேம்ஸ்..." என்றார் கடைக்காரர்.

"மணி அடிக்கணும், எடுத்தா பேசணும். அதுக்கு மேல எது இருந்தாலும் எனக்கு ஜாஸ்தி. எடுங்க."

மகன் கோபித்துக்கொண்டான். காலத்துக்குத் தகுந்தபடி மாறக் கூடாதா என்றான். "நான் ஏன்டா மாறணும்? கால் முன்னால வர்ற புள்ளயக்கூட பத்திரமா எடுக்கத் தெரியும் எனக்கு. ஒன் போனுக்குத்தான் என் வெரலத் தெரியல" என்றார் அக்கா. எல்லாவற்றையும் போன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு, அந்தச் சோம்பலை வசதி என்று நம்பிக்கொண்டிருந்த வயது எனக்கு. அந்தப் பதில் என்னைச் சுருக்கென்று குத்தியது.

சில மாதங்கள் கழித்து சிதம்பரத்தில் நர்ஸுகளுக்கு ஒரு கூட்டம்; பதிவேட்டோடு நானும் போயிருந்தேன். தடுப்பூசி, பிரசவ விவரங்களைப் போனிலேயே அனுப்ப வேண்டும், எல்லோரும் புதுப் போனுக்கு மாறிவிடுங்கள் என்றார் அதிகாரி. அக்கா எழுந்தார்.

"அனுப்பறதுக்கு ஆபீசுக்கு ஒரு போன் குடுங்க சார், இந்தப் பொண்ணு அனுப்பும். என் கையில இருக்கறது புள்ளத்தாச்சிங்க போன். அத மாத்த மாட்டேன்."

"எல்லாருக்கும் ஒரு சட்டம், உங்களுக்கு ஒண்ணா?"

அவர் பதில் சொல்லுமுன் போன் அலறியது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. அக்கா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரே அமுக்கு. "எவ்ளோ நேரத்துக்கு ஒருக்கா வலி எடுக்குது? ஒன் மாமியார்கிட்ட குடு... பயப்படாத, தோ வரேன்."

பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை மூடிவிட்டு அக்காவின் பின்னால் ஓடினேன்.