மவுத்ஆர்கன்காரரின் மூச்சு

கார் பட்டறையில் இருபது வருடமாகப் பெயின்ட் அடிக்கிறவர் அவர். முகமூடியே போடமாட்டார்; போட்டால் பெயின்டின் பதம் மூக்குக்குத் தெரியாதாம். இந்தப் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

போன மாதம் மகள் அவர் போனில் பாட்டுச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் அது தானாகவே யாரோ ஒருவர் மவுத்ஆர்கனில் வாசித்த ப்ளூஸ் என்ற அமெரிக்க இசையை ஓடவிட்டது. அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்தது. பெயர்கூட வாயில் நுழையாத ஆட்கள் தினமும் ஒருவராகப் போனில் வந்தார்கள். அவர்கள் மூச்சை உள்ளே இழுப்பதுகூடச் சமையலறை வரை கேட்கும்.

நேற்று மாலை மூன்று மாடி ஏறி வந்து நாற்காலியில் சாய்ந்தார். சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "இன்னைக்கு யாருங்க புதுசா? பாவம், இந்த ஆளுக்கு ரொம்ப மூச்சு வாங்குதே."

போனை அவர் பட்டறையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.