இறக்கிவிட்ட கண்ணாடி

சாலைச் சட்டப்படி ஓட்டுநர் சீட் பெல்ட் போட வேண்டும். போர்ச் சட்டப்படி ஆம்புலன்ஸைத் தாக்கக் கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு என்னை வாடகைக் காரில் ஏற்றிச் செல்லும் மார்ட்டினுக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை.

மழை பெய்கிறது. கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருக்கின்றன.

“பெல்ட்ட போடுங்க தம்பி. கண்ணாடியையும் ஏத்துங்க. நான் காலையிலேயே குளிச்சிட்டேன்.”

“சாரி அங்கிள், பழக்கம் லா. மியன்மார் சண்டையில வாலன்டியரா ஆம்புலன்ஸ் ஓட்டுறேன். கண்ணாடிய ஏத்துனா ட்ரோன் சத்தம் கேக்காது. பெல்ட் போட்டா குதிக்க முடியாது.”

“வண்டியில ஆம்புலன்ஸ் குறி இருக்குமே?”

“சேறு பூசி மறைச்சிட்டோம் அங்கிள். அதப் பாத்துத்தான் அடிக்கிறானுங்க.”

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் வந்திருக்கிறான். அங்கே அவன் ஆம்புலன்ஸை இப்போது கூட்டாளி பீட்டர் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பீட்டரிடம் பேச்சில்லை. மார்ட்டின் அனுப்பிய செய்திகள் எதையும் அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் இரைகிறது. மார்ட்டின் சட்டென்று மேம்பாலத்துக்கு அடியில் காரை ஒதுக்கி, தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்க்கிறான். நானும் பார்க்கிறேன். என் பெல்ட்டை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. என் கை கதவைத் திறக்கத் தயாராக இருக்கிறது.

கிள்ளானில் இறங்கும்போது என் எண்ணைக் கொடுத்து, தகவல் வந்தால் சொல்லச் சொல்கிறேன்.

“பதில் வந்துருச்சு அங்கிள். வண்டி எரிஞ்சு போச்சு, பீட்டர் உயிரோட இருக்கான். வேற வண்டி கெடச்சிருக்காம். நாளைக்குக் கெளம்புறேன்” என்று அவன் எழுதியது வெள்ளிக்கிழமை.