மிச்ச விரதம்

என் நோயாளிகளில் ஒருவர் என்னைக் கதிரையில் இருத்தாமல் கதை தொடங்க மாட்டார். நான் இருப்பது மொன்றியலின் மேற்கு ஓரத்தில், இல்-பிசார் தீவில், என் வீட்டு பேஸ்மென்டில். அவர் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அழைப்பு எடுபட்டு என் முகம் அவருடைய கைபேசியில் தெரிந்ததும், "வாங்கோ மிஸ்ஸி, உள்ளுக்கு வாங்கோ" என்பார். ஊரில் தாதிமாரை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பிறகு எதிரே இருக்கும் கதிரையைத் துவாயால் துடைத்து, அதில் ஒரு தலையணையை வைத்து, கைபேசியை அதன்மேல் சாய்த்துவிடுவார். இந்த இடம்மாற்றலில் கூரையும், முருகன் படத்தின் பாதியும், குளிர்சாதனப் பெட்டியின் கதவும் என் கண்முன்னே சுழன்று போகும். எல்லாம் அடங்கியபின், "வசதியா இருக்கோ?" என்று கேட்பார். என் உடம்பு இங்கே சக்கரம் வைத்த நாற்காலியில் மேலே நல்ல சட்டையும் கீழே கம்பளிக் காற்சட்டையுமாக இருக்கும். நானும் வெட்கமில்லாமல், "ஓம் அக்கா, நல்ல வசதி" என்பேன்.

அவரைப் பரமேஸ்வரி அக்கா என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய பெயரல்ல. உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ, ஆனா விசரி எண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ" என்றார். பைத்தியக்காரியை நாங்கள் விசரி என்போம். திரையின் இன்னொரு சதுரத்தில் டொக்டர் ஜென்வியேவ் இருப்பார். மனநல மருத்துவர், கியூபெக்காரி, நல்ல மனுசி. நான் தாதி, தமிழ் நோயாளி வந்தால் அவருடைய நாக்கும் நான்தான். விமானம் மட்டுமே போகும் வடக்குக் குடியிருப்புகளிலும், நகரத்துக்குள்ளேயே படியிறங்க முடியாத வீடுகளிலும் இருப்பவர்களை இப்படித்தான் பார்க்கிறோம். அவர்களுக்கு வருத்தம், அதாவது நோய், ஒன்றோடு நிற்பதில்லை. பரமேஸ்வரி அக்காவுக்குச் சில காலம் மனம் ஏறிப் பறக்கும், சில காலம் பாதாளத்தில் விழும். அதோடு சர்க்கரை, பிரஷர், மடங்க மறுக்கும் முழங்கால்கள். கணவர் இல்லை, மகள் ரொறொன்ரோவில். லிதியம் என்ற குளிசைதான் சில வருடங்களாக அவரை நேராக நிறுத்தி வைத்திருக்கிறது. அந்தக் குளிசைக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும். கோடையில் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் அவருக்குச் சொல்லுவோம். ஐப்பசியில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகியதும் ஆசுப்பத்திரியின் மனநோய் விடுதியில்தான். கிழமைக்கொரு நாள் டொக்டரோடு வான் வண்டியில் ஏறி, பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கிளினிக் வைப்போம். அங்கே முதல் வேலை, வந்த கூட்டத்தில் நோயாளி யார் என்று கண்டுபிடிப்பது. ஒருவருக்காக ஐந்து பேர் வருவார்கள். ஐந்து பேரும் ஒரேயடியாகக் கதைப்பார்கள். வாயைத் திறக்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்தான் நோயாளி. எரிச்சலாக இருக்கும். "கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோவன்" என்று சத்தம் போடுவேன். போவார்கள், ஜன்னலுக்கு வந்து நின்று மறுபடி கதைப்பார்கள். அந்த ஜன்னல் கூட்டத்துக்காக இன்று மனம் எப்படி ஏங்குகிறது என்று சொன்னால் என்னோடு அன்று வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். வீடுகளுக்குச் சைக்கிளில் போனால் வாசல் படலையடியிலேயே மூக்கு பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். இன்றைக்குச் சமைத்தார்களா, ஆள் குளித்ததா, தகப்பன் குடித்துவிட்டு வந்தானா எல்லாம் தெரியும். திரைக்கு வாசம் கிடையாது. ஒரு முகமும் பாதிச் சுவரும் தருவார்கள், மிச்சத்தை நாங்கள்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த விடுதி ஞாபகங்களில் ஒன்று அடிக்கடி வரும். கந்தசஷ்டி நேரம், ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கையில் காப்புக் கட்டியிருந்தாள், விரதம். சோறும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்று வாயை இறுக்கிக்கொண்டாள். டொக்டர் கெஞ்சினார், நான் அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளுடைய மச்சாள் வந்தாள். கட்டிலடியில் நின்று, "மிச்சத்தை நான் பிடிக்கிறன், நீ சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான். பெண் எழும்பிச் சாப்பிட்டாள். மச்சாள் அன்றிலிருந்து பட்டினி. விடுதியில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தோள் மாற்றுவதுபோல விரதத்தையும் மாற்றலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கனடாவுக்கு வந்து, புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டி, பிரெஞ்சு படித்து, மறுபடி தாதியாவதற்குள் என் விரதங்கள் எல்லாம் ஒவ்வொன்றாய்க் கழன்று போய்விட்டன. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் மிஞ்சியது. அதுவும் பிள்ளைகள் பீட்சா கேட்காத வெள்ளிகளில்.

போன ஐப்பசியில் ஒரு காலை வழக்கம்போல அழைத்தேன். வாங்கோ என்று அக்கா சொன்னார், ஆனால் சொல் வழுக்கி விழுந்தது. என்னைக் கதிரையில் வைப்பதற்குள் கைபேசி இருமுறை கவிழ்ந்தது. முகம் வற்றியிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"சாப்பாடு, நித்திரை எல்லாம் எப்பிடி அக்கா?"

"எல்லாம் நல்லம் மிஸ்ஸி."

"குளிசை?"

"ஒரு நாளும் விடேல்லை. டொக்டர் சொன்னது சொன்னதுதானே."

ஜென்வியேவ் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார். நடுக்கம், குழறல், ஒரு கேள்விக்கு இரண்டு தரம் யோசிப்பது. குளிர்காலம் தொடங்கும்போது பழைய வருத்தம் தலைதூக்குவது உண்டு, இரத்தம் சோதித்துவிட்டுக் குளிசையைக் கொஞ்சம் கூட்டுவோமா என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டார். அந்த நேரம் அக்கா, சரிந்துகொண்டிருந்த கைபேசியை நிமிர்த்தக் கையை நீட்டினார். மணிக்கட்டு திரையை அடைத்துக்கொண்டு வந்தது. அதில் மஞ்சள் நூலும் தர்ப்பையும் சேர்ந்த காப்பு.

"அக்கா, கந்தசஷ்டி பிடிக்கிறியளோ?"

"ஓம். இண்டைக்கு நாலாம் நாள்."

"பாலும் பழமும் எடுக்கிறியள்தானே?"

"ஒண்டுமில்லை மிஸ்ஸி. இந்த முறை உபவாசம்." குரலில் சின்னப் பெருமை இருந்தது.

"தண்ணி?"

"குளிசை விழுங்க மட்டும் ஒரு மிடறு. அதுக்கு முருகன் கோவிக்க மாட்டார்."

ஒன்றையும் விடக்கூடாது என்று இரண்டு பேருக்கும் பணிந்து நடந்திருக்கிறார். முருகனுக்காகத் தண்ணீரை விட்டார். டொக்டருக்காகக் குளிசையை விடாமல் விழுங்கினார். இரண்டும் சேர்ந்து அவரைக் கொன்றுகொண்டிருந்தன.

ஜென்வியேவுக்கு விளக்கினேன். அவர் முகம் வெளுத்தது. நான்கு நாட்களாக உணவும் தண்ணீரும் வேண்டாமென்று ஒருவர் இருந்தால் அவர் படித்த பாடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "சாக விரும்புகிறாரா என்று கேளுங்கள்" என்றார். அது விரதம் என்றேன். "கேளுங்கள்" என்றார் மறுபடியும். கேட்டேன்.

அக்கா வெடித்த உதட்டோடு சிரித்தார். "சாகவோ? என்ரை தலை இப்பிடியே தெளிவா இருக்கோணும், அந்த வருத்தம் திரும்பி வரக்கூடாது எண்டுதானே பிடிக்கிறன்! டொக்டரின்ரை பேருக்கும் சேத்துத்தான் நேர்ந்தனான். அவவுக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். ஜென்வியேவ் ஆம்புலன்ஸுக்கு மற்றத் தொலைபேசியை எடுத்தார்.

ஆம்புலன்ஸ் என்றதும் அக்காவின் சிரிப்பு போய்விட்டது. முன்பொரு தரம், வருத்தம் ஏறியிருந்தபோது, பொலிஸ் வந்துதான் அவரைக் கீழே இறக்கியது. மூன்று மாடிச் சனமும் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றது. "வரமாட்டன் மிஸ்ஸி. இதை அரைவாசியிலை முறிச்சால் வருத்தம் வந்திடும். பேந்து நீங்களே என்னை விசரி எண்டுவியள்." சரி, வரும்வரை தண்ணீரையாவது குடியுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையும் நடுங்கியது.

அங்கே ஊரில் என்றால் ஐந்து பேர் இருந்திருப்பார்கள். ஒருத்தி காலைப் பிடிப்பாள், ஒருத்தி திட்டுவாள், ஜன்னலில் நிற்பவன் தண்ணீர் கொண்டுவருவான். இங்கே அவருக்கு நான் மட்டும், அதுவும் தலையணையில் சாய்த்த ஒரு முகம். என் தீவிலிருந்து பஸ் பிடித்து, மெட்ரோ மாறி அவருடைய படியை நான் ஏறுவதற்குள் எதுவும் நடந்துவிடலாம். வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் நான் இருந்ததில்லை. அப்போதுதான் அந்த மச்சாள் ஞாபகம் வந்தாள். தாதி செய்யத் தகாத காரியம் என்று தெரியும். வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, மிச்சத்தை நான் பிடிக்கிறன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் ஓர் இடத்தில் நிற்கச் சிரமப்பட்டன. "நீங்களோ? உங்களுக்கு ஏலுமோ மிஸ்ஸி?"

"ஏலும். நான் தண்ணி குடிச்சுத்தான் பிடிப்பன். அது போதும்தானே?"

"காணும். காணும்." கொஞ்சம் யோசித்தார். "இப்பவே தொடங்கோணும்."

மேசையில் பாதி குடித்த கோப்பி இருந்தது. அவர் பார்க்க அதைத் தூக்கிக் காட்டி, கைக்கெட்டாத தூரத்தில் தள்ளி வைத்தேன். அதுவரை காத்திருந்துவிட்டு, அக்கா எழும்பித் தடுமாறிக் குழாயடிக்குப் போனார். டம்ளர் பல்லில் தட்டுப்படும் சத்தம் கேட்டது. நாலு தரம் நிரப்பிக் குடித்தார். பக்கத்துச் சதுரத்தில் ஜென்வியேவ் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, என்ன நடந்தது என்று கண்ணால் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று கண்ணால் சொன்னேன்.

பொலிஸ் இல்லாமல் வாருங்கள் என்று ஜென்வியேவ் சொல்லியிருந்தார், அப்படியே வந்தார்கள். கதவுப் பக்கம் ஒரு "போன்ஜூர் மடாம்" கேட்டது. ஓர் இளைஞன் கதிரையில் இருந்த கைபேசியை எடுத்து, என்னைப் பார்த்து, மகளா என்று கேட்டான். தாதி என்றேன். கையிலிருக்கும் நூலை மட்டும் வெட்டிவிடாதீர்கள் என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை. இன்றுவரை அவனுக்கு மனதுக்குள் மெர்சி, நன்றி என்று சொல்கிறேன்.

எனக்கு உண்மையில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். "வந்து இத்தினை வருசமா இல்லாத பக்தி இப்ப எங்கையிருந்து வந்தது?" என்று சொல்லிக்கொண்டே ஆட்டிறைச்சிக் கறியை ஃப்ரீசருக்குள் வைத்தார். சொல்லிவிட்டேன், செய்கிறேன், அவ்வளவுதான். தண்ணீரும், மாலையில் பாலும் ஒரு வாழைப்பழமும். பசி என்னை நேரே அந்தப் பழைய விடுதிக்குக் கொண்டுபோய் விட்டது. டெற்றோல் வாசம், ஜன்னல் கம்பியில் காயும் சேலைகள், பாய் விரித்துக் கிடக்கும் தாய்மார், மத்தியானத்தில் யாரோ பாடும் தேவாரம். அக்காவின் கைபேசியில் டொக்டர் வருவதுபோலவேதான் ஊர்க்கோவிலும் நேரடி ஒளிபரப்பாக வருகிறது. ஆறாம் நாள் அதிகாலையில் நானும் என் கணினியில் அதைத் திறந்தேன். அங்கே பின்னேரம், சூரன்போர். எத்தனை பேர், எவ்வளவு நெரிசல், என்ன சத்தம்! அந்த நெரிசலுக்குள் ஓர் ஆளாய் நிற்க முடியாதா என்று அழுதுவிட்டேன். பிறகு முகம் கழுவி, எட்டு மணிக்கு முதல் நோயாளியை அழைத்தேன்.

அன்று இரவு எட்டரை மணிபோல ஆசுப்பத்திரிக் கட்டிலிலிருந்து அக்காவே கூப்பிட்டார். நஞ்சு இறங்கிவிட்டது, சிறுநீரகம் தப்பிவிட்டது என்று ஜென்வியேவ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அக்கா கையைத் திரைக்கு முன்னால் விரித்துக் காட்டினார். நடுக்கம் இல்லை. சேலைன் ஏறிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே காப்பு அப்படியே இருந்தது. அதன்மேல் யாரோ கவனமாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள்.

"நேர்ஸ் பிள்ளை கழட்டவோ எண்டு கேட்டது. நான் விடேல்லை. விரதம் உங்களிட்டை, காப்பு என்னட்டை. நீங்கள் சாப்பிட்டுப் பாறணை முடிச்சால்தானே நான் இதைக் கழட்டலாம்."

"நாளைக்கு விடிய முடிக்கிறன் அக்கா."

"எந்த விடியல் மிஸ்ஸி? நான் ஊர்க் கோவிலைப் பாத்தெல்லோ காப்புக் கட்டினனான். அங்கை இப்ப விடிஞ்சிட்டுது."

அவர் மடியில் இருந்த கைபேசியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே இல்-பிசார் கறுத்துக் கிடந்தது. அந்த வருடத்தின் முதல் பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. மேலே போய்ச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் போட்டுக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் வைத்தேன். முதல் பிடி என் வாய்க்குப் போனதும், அங்கே பிளாஸ்திரி உரியும் சத்தம் கேட்டது. "சாப்பிடுங்கோ, ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார் அக்கா. ஊரில் விடிந்திருந்தது. நான் இருட்டில் இருந்து காலைச் சோறு சாப்பிட்டேன்.