வகுப்பில் யாரிடம்?

டெக்சாஸில் ஒரு கல்லூரியில் வெர்னா கோலாசெக் கணக்குப் பாடம் எடுத்தாள். உரிமம் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை மறைத்து வகுப்புக்குள் கொண்டுவரலாம் என்று சட்டம் வரப்போனபோது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசினாள். சட்டம் வந்தேவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே குறுகுறுப்பு. தன் வகுப்பில் யாரிடம் இருக்கும்? மாட்டுப்பண்ணைப் பையன்கள் மேல்தான் சந்தேகம்.

ஆண்டுக் கடைசியில், பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை பார்த்துக்கொண்டே அவளிடம் படித்த மரிசோல், தேறிவிட்ட மகிழ்ச்சியில் அவளைக் கட்டிக்கொண்டாள். இடுப்பருகே வெர்னாவின் கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது.

"இது... அதுவா?"

"ஆமா மிஸ். முதல் நாள்லேர்ந்தே இருக்கு."

"நான் எதிர்த்துப் பேசினது உனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? பின்னாடி உக்காந்து கைதட்டினதே நான்தான்."

"அப்புறம் ஏன் இது?"

"நான் விட்டுட்டு வந்த புருஷன், எங்க போனாலும் தேடி வருவேன்னு சொல்லியிருக்கான். அவன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. யாருக்கும் வேணாம்னு நீங்க சொன்னப்ப, அவனுக்கும் சேத்துதான் கைதட்டினேன்."

வெர்னாவுக்கு "உக்காரும்போது குத்தாதா?" என்றுதான் கேட்க வந்தது.

"குத்தும். அதான் பரீட்சைல நெளிஞ்சுக்கிட்டே இருந்தேன். காப்பியடிக்கறேன்னு நெனச்சு நீங்க பக்கத்துலயே நின்னீங்க!"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, யாரும் கேட்காமலே, மரிசோலோடு வண்டி நிறுத்துமிடம் வரை நடந்தாள்.