முதலில் பார்த்தவனுக்கே தோல்

காலையில் எழுந்ததும் தோபியாஸ் ஜன்னலில் படிந்த பனியை ஊதி, சட்டைக்கையால் துடைத்து, கடற்கரையைத் துழாவுவான். பிறகுதான் காபி. ஊர் வழக்கப்படி, பனிக்கரடியை யார் சுட்டாலும் முதலில் பார்த்தவனுக்கே தோல்.

அந்தக் குளிர்காலம் கடல் உறையவே இல்லை; கரடிகள் நின்று சீல் பிடிக்கப் பனித்தளம் இல்லை. ஊருக்குள் வந்த கரடிகள் எல்லாம் தங்கை புருஷன் ஊசகாக்கின் கண்ணில்தான் பட்டன. மூன்றாவதைச் சுட்டவன் தோபியாஸ்.

“பாக்கறது நீ, சுடறது நானா?”

“உன் ஜன்னல் கரடிக்குப் புடிக்கல போல, மச்சான்.”

தோபியாஸுக்கு வயிறு எரிந்தது. தோலுரிக்க நிற்காமல், பங்குக்கறியும் வேண்டாமென்று வீட்டுக்கு நடந்தான்.

கோடையில்தான் தங்கை சொன்னாள்: மூன்று தோலிலும் சுரண்டக் கொழுப்பே இல்லையாம். அவன் சுட்ட கரடியின் வயிற்றில், ஊசகாக்கின் வாசலில் நாய்களைக் கட்டும் தோல்வார் மட்டும் கிடந்ததாம்.