வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

குறிப்பு அத்தை உடன்பிறந்தோர் நால்வருள் இரண்டாமவர். இருபத்தாறாம் வயதில் திருமணம். ஒரே மகன், வேலை நிமித்தம் வெளியூரில் குடியிருக்கிறான். இருபத்தொன்பதாம் வயதில் முதியோர் நல அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, முப்பத்து நான்காம் வயதில் ஆய்வாளர் ஆனார். மறதி நோய் முற்றியவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று, அங்கே பராமரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதித் தருவது அவர் பணி. அவருடைய வட்டத்தில் அத்தகைய இல்லங்கள் பதினொன்று. கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறு ஆண்டே அவருக்கும் அந்த நோய் கண்டது. அத்தைக்கு ஐம்பத்து நான்கு வயது நடக்கும்போது, வீட்டின் பின்னறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் பொருத்தப்பட்டது.

இதுவரை சொன்னவற்றை எவரும் மறுக்கமாட்டார்கள். இனிமேல் சொல்வதில்தான் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

‘குறிப்பு’ என்பது வீட்டார் வைத்த பெயர். எதையும் எழுதிவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இல்லங்களில் அவர் வேலை செய்யும் விதமும் அப்படித்தான். பொதுக்கூடத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, யாரிடம் யார் பேசினார், யாரைக் கடந்து போனார் என்று கட்டங்களில் குறிப்பார். தண்ணீர் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்ப்பவரல்லர். வைத்த தண்ணீர் கைக்கு எட்டுகிறதா என்று பார்ப்பவர். கிளம்பும்போது ஒவ்வொரு அறைக் கதவின் நிலையையும் விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போவார். நோயாளியை அறைக்குள் வைத்து வெளியே தாழிடுவது விதிகளின்படி முதல் தரக் குறை. அதற்கு மட்டும் எச்சரிக்கை கிடையாது. நேரே உரிமத்தில் கைவைப்பார்கள். ஆய்வுக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் தாழ்ப்பாளைக் கழற்றி ஒளித்துவைக்கலாம். திருகாணித் துளைகளை ஒளிக்க முடியாது. அது அத்தையின் அனுபவம். “அந்தம்மா வந்தா செவுத்துக்கே வேர்க்கும்” என்று இல்லத்துப் பணியாளர்கள் பேசிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர் தம் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தது ஒரே நாளில் நடந்துவிடவில்லை.

நோய் வந்தபின் மாமா காலை எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு பணிக்குக் கிளம்பிவிடுவார். பழைய பணிமனை இருந்த இடத்தில் அப்போது ஒரு மரச்சாமான் கடை நடந்தது. அதன் வாசலில் நின்றுகொண்டு, சரக்கு இறக்க வந்த வண்டிகளை மறித்து நேரம் குறித்தார். “ஏழு நிமிஷம் லேட்டு. காரணம் எழுதிக் குடுத்துட்டு உள்ள போ” என்றார். ஒரு ஓட்டுநர் நல்ல மனிதர். “டயர் பஞ்சர் சார்” என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை மாமா சட்டைப் பையில் நான்கு நாள் வைத்திருந்தார். அதுவரை எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த முறை மழையில் நெடுஞ்சாலையின் நடுவில் நின்று ஒரு லாரியை நிறுத்தினார். லாரி நின்றது, ஒரு முழம் தள்ளி நின்றது.

மறுநாள் தச்சர் வந்தார். “உள்பக்கமா வைக்கணுமா, வெளிப்பக்கமாம்மா?” என்று கேட்டார்.

“வெளிப்பக்கம்.”

“வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?”

அத்தை பையைத் திறந்து பணத்தை எண்ணினார். கூலியைக் கொடுத்தனுப்பினார்.

அதற்கு முன் ஆள் வைத்துப் பார்க்காமலும் இல்லை. நான்கு மாதத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஒன்பதாம் நாள் சொல்லிக்கொள்ளாமல் போனார். மற்ற இருவரையும் அத்தையே அனுப்பினார். விடுப்பு எடுத்துக்கொண்டு கூடத்து மூலையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்திருக்கிறார். ஒருவர் ஒன்றரை மணி நேரம் மாமாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மற்றவர் ஊட்டிய வேகத்தில் மாமாவுக்கு இருமுறை புரையேறியது.

மகன் தொலைபேசியில் பொறுமையாகத்தான் பேசுவான். “அம்மா, பதினோரு இல்லம் இருக்கு. உங்களுக்குத் தெரியாததா? நல்லதா ஒண்ணு பாத்துச் சேர்த்துடுங்க.”

“தெரிஞ்சதுதான்டா பிரச்சினை. ஒண்ணுல விடியறதுக்கு முன்னாடியே எழுப்பிக் குளிப்பாட்டிடுறாங்க, ஆள் மாறுறதுக்குள்ள வேலை முடியணும்னு. இன்னொண்ணுல கண்ணாடி எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு வச்சிருக்கான், யார் கண்ணாடி யார் மூக்குலனே தெரியாது. ஆத்தோரத்துல இருக்கிறதுல தூங்குறதுக்கு மருந்து அதிகம்.”

“கத்திரிக்கா பொறுக்கிற மாதிரி பேசுறீங்களேம்மா. எல்லாத்துலயும் ஒரு சொத்தை இருக்கத்தான் செய்யும்.”

“கத்திரிக்காய்னா சொத்தையை வெட்டிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம். இது உங்கப்பா.”

மகன் தொலைபேசியை வைத்துவிடுவான். வேலையை விடலாமென்றால் ஓய்வுக்கு இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. மாமாவின் மருந்து அந்த வேலையில்தான் வந்துகொண்டிருந்தது. ஆகவே காலை எட்டே முக்காலுக்குத் தாழ்ப்பாள் விழும். மதியம் ஒரு மணிக்கு எதிர்வீட்டு அக்கா திறந்து, சோறு போட்டு, அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி தாழிடுவார். மாலை ஐந்தே முக்காலுக்கு அத்தை திறப்பார். அறையில் சன்னல் இருந்தது, மின்விசிறி இருந்தது, கை எட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தது. தாம் அடுத்தவர் இல்லத்தில் பார்க்கும் அத்தனையும் அந்த அறையில் சரியாக இருந்தது, அந்த ஒன்றைத் தவிர.

இப்படிப் பதினான்கு மாதம் ஓடியபின் அத்தை மேட்டுத்தெரு இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனார். பத்தொன்பது பேர் தங்கியிருந்த மாடி வீடு அது. பதினொன்றில் ஓரளவு தேறக்கூடியது என்று அவர் மனத்துக்குள் வைத்திருந்ததும் அதுதான். மாமாவை அங்கே சேர்க்கலாமா என்ற எண்ணத்தோடுதான் அன்று படியேறினார். உறவினர் தங்கும் இல்லத்தை ஆய்வு செய்யக்கூடாது என்று விதி. அந்த ஒன்றுக்கு மட்டும் வேறோர் ஆய்வாளரை நியமிக்கக் கேட்கலாம் என்றும் யோசித்து வைத்திருந்தார்.

கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். குறை பெரிதாக ஒன்றும் தென்படவில்லை. பணியாளர்கள் குனிந்து முகம் பார்த்துப் பேசினார்கள். முன்பு தையல் ஆசிரியையாக இருந்த ஓர் அம்மாள் அத்தையின் சேலை ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, “யாரு அடிச்சா இந்த ஓரம்? பிரிச்சுட்டு வா, மறுபடி அடிக்கணும்” என்றார். அத்தைக்கு மாமாவின் நினைவு வந்தது. ‘இங்கே சரிப்படும்’ என்று நினைத்ததாகப் பிற்பாடு தம் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும்போது மாடி அறைகளின் கதவு நிலைகளைத் தடவிக்கொண்டே போனார். மூன்றாம் கதவில் விரல் நின்றது. தோள் உயரத்தில் நான்கு துளைகள். வெள்ளையாக ஏதோ பூசி அடைத்திருந்தது; இன்னும் காயவில்லை. முகர்ந்து பார்த்தார். புதினா வாசனை அடித்தது.

“கதவுக்கெல்லாம் பல்லு வெளக்கி விடுறீங்களா?” என்று கேட்டார்.

இல்லத்தின் மேலாளர் பருத்த, களைத்த பெண்மணி. பொய் சொல்ல முயன்று, பாதியிலேயே விட்டுவிட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்து வைத்தார்.

“டீச்சரம்மா ரூம்தான் மேடம். சாயங்காலமானா கிளாஸுக்கு நேரமாச்சுன்னு படியிறங்கி ஓடுவாங்க. ரெண்டு தடவை விழுந்து எழுந்தாச்சு. அந்த நேரத்துல மாடிக்கு ஒரே ஆளு. ஒம்பது பேருக்குச் சாப்பாடு குடுக்கணும். நான் என்ன செய்யட்டும்?”

“எத்தனை மணி நேரம் பூட்டுறீங்க?”

“ரெண்டு மணி நேரம். சத்தியமா அதுக்கு மேல இல்ல.”

அத்தை பேனாவைத் திறந்தார். மேலாளர் கெஞ்சவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. “எழுதுங்க மேடம், உங்க வேலை அது. ஆனா இப்படி ஒருத்தரை வீட்ல வச்சுப் பாத்திருந்தா உங்களுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

அத்தை ‘இரண்டு மணி நேரம்’ என்று எழுதினார். தம் வீட்டுக் கணக்கு எட்டரை மணி நேரம். நடுவில் திறந்திருக்கும் அரைமணியைக் கழித்தபின்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வினா உண்டு: ‘இதே குறை தமது வட்டத்துள் வேறெங்கேனும் நிகழ்வதை ஆய்வாளர் அறிவாரா? அறிந்தால் முகவரி குறிப்பிடுக.’ ஓர் இல்லத்தில் கண்டது இன்னொன்றிலும் நடந்தால் சேர்த்து நடவடிக்கை எடுப்பதற்காக வைத்த வினா. இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்ற ஆய்வாளர்களெல்லாம் அதற்கு ‘இல்லை’ என்று கோடு போட்டுவிட்டுக் கையெழுத்துக்குப் போய்விடுவார்கள். அத்தை ஒருவர்தான் அதை ஒவ்வொரு முறையும் படித்துவிட்டுப் பதில் எழுதுபவர். அன்று அலுவலகத்தில் அதன்முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ‘இல்லை’ என்று எழுதினால் கையெழுத்துப் போட்ட பொய். ‘ஆம்’ என்று எழுதினால் வேலை போகலாம். வேலை போனால் மருந்து நிற்கும். எழுதாமல் விடவும் முடியாது. நிரப்பாத படிவத்தை எத்தனையோ பேருக்குத் திருப்பி அனுப்பியவர் அவர்.

‘ஆம்’ என்று எழுதி, வீட்டு முகவரியையும், தாழிடும் நேரத்தையும், எத்தனை மாதமாக என்பதையும் குறித்தார்.

தலைமை ஆய்வாளர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். வயதில் இளையவர், அத்தையிடம் வேலை பழகியவர்.

“என்ன மேடம் இது? உங்க வீட்டு அட்ரஸ் மாதிரி இருக்கு.”

“மாதிரி இல்ல சார். அதேதான்.”

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “உள்ள இருக்கிறது யாரு? சாரா?”

“ஆமா.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேக்கும்போதெல்லாம் நல்லாருக்காருன்னு சொன்னீங்க.”

“நல்லாத்தான் இருக்காரு. உள்ள இருக்காரு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏச்சை எதிர்பார்த்து வந்த அத்தை, அவர் துடைத்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

“இதுல நான் செய்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம். நம்ம சட்டம் உரிமம் வாங்கின இல்லத்துக்குத்தான். வீட்டுக்குள்ள நடக்குறதுக்கு நமக்கு அதிகாரம் கிடையாது.”

“ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க சார். என் பேர்ல எழுதுங்க. குறைன்னா குறைன்னு யாராவது சொல்லணும்ல.”

“யாரை அனுப்புறது? இந்த வட்டத்துக்கு ஆய்வாளர் நீங்க ஒருத்தர்தான்.”

இதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, உடனே அடக்கிக்கொண்டார். அத்தைக்கும் உதடு கோணியது. தண்டனை வந்திருந்தால் தாங்கியிருப்பார். தாழிடுவதை விட்டுவிடு என்று யாராவது ஆணையிட்டிருந்தால் விட்டிருப்பார். இரண்டுமே அவருக்குக் கிடைக்கவில்லை. தலைமை ஆய்வாளர் அந்த வரியின்மேல் ‘வரம்புக்கு உட்பட்டதன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். மேட்டுத்தெரு இல்லத்தின் உரிமத்தை மட்டும் முப்பது நாள் நிறுத்திவைத்தார்.

பத்தொன்பது பேரும் மற்ற இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். தையல் ஆசிரியை ஆற்றோரத்து இல்லத்துக்குப் போனார், தூக்க மருந்து அதிகம் கொடுக்கும் இடத்துக்கு. அத்தை அடுத்த வாரமே அங்கே போய் மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, அளவைக் குறைக்க எழுதிவைத்தார். அந்த அம்மாள் அவருடைய சேலை ஓரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மேட்டுத்தெருவுக்கு மறு ஆய்வு. கதவுகளில் துளைகளை மரத்தூள் வைத்து முறையாக அடைத்திருந்தார்கள். கட்டிலை ஒட்டித் தரையில் மிதியடி போல ஒன்று விரித்திருந்தது. அதில் கால் பட்டால் கீழே பணியாளர் மேசையில் மணி அடிக்கும். மேலாளர் தாமே மிதித்துக் காட்டினார். மணி அடித்தது.

“எல்லாம் நல்லா வேலை செய்யுது மேடம். அடிச்சா ஓடி வர ஆளு வேணும், அவ்வளவுதான். அதுக்கும் ஒருத்தரைப் புதுசா போட்டிருக்கோம். டீச்சரம்மாவையும் திரும்பக் கூட்டிட்டு வந்தாச்சு.”

“நல்லது.”

“உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது இடம் வேணும்னா சொல்லுங்க. ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கு.”

அத்தை அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தார். எதிரில் சன்னல், சன்னலுக்கு வெளியே சாலை, சாலையில் வண்டிகள். இங்கே மாமாவைச் சேர்த்தால் அந்த விதிப்படி இந்த வாசலை இனி அவர் ஆய்வாளராக மிதிக்க முடியாது. வேறு ஆய்வாளர் நியமனமாகும்வரை யாருமே மிதிக்கமாட்டார்கள். பார்வை நேரத்தில் பழத்துடன் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் உறவினர்களில் ஒருவராகிவிடுவார். அந்த நேரத்தில் எல்லா இல்லமும் எவ்வளவு அழகாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்த அந்த நான்கு துளைகளும் உறவினர் கண்ணில் பட்டதேயில்லை. தையல் ஆசிரியையின் மகள் வாரந்தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தாள்.

“சொல்றேன்” என்று எழுந்துகொண்டார்.

வீட்டில் அந்த மிதியடியை வாங்கிப் போடலாமா என்று வழியெல்லாம் கணக்குப் போட்டதாகத் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். மணி அடிக்கும், ஆளில்லாத கூடத்தில் அடிக்கும். அந்த மணியைக் கேட்க ஒருவர் வீட்டில் இருந்தால் தாழ்ப்பாளே வேண்டியதில்லை.

அன்று மாலை கதவைத் திறந்தபோது மாமா கட்டில் விளிம்பில் சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “யாரும்மா நீ?” என்று கேட்டார். அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

“கதவு தொறக்கிறவ” என்றார் அத்தை.

“அப்படியா. காலையிலிருந்து பாக்குறேன், ஒரு வண்டிகூட வரல.”

“வரும். கொஞ்சம் பொறுங்க.”

மேட்டுத்தெருக் கட்டிலை அடுத்த மாதம் வேறொருவர் எடுத்துக்கொண்டார். மகன் கோபித்துக்கொண்டு சில வாரம் பேசாமலிருந்தான். தங்கை, அத்தை செய்தது சரியென்று இன்றும் வாதிடுகிறார். அத்தையின் அண்ணனோ அது பாவம் என்கிறார். அத்தை யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. அதன்பின் எழுதிய ஒவ்வோர் அறிக்கையிலும் கடைசிப் பக்க வினாவுக்கு ‘ஆம்’ என்றே எழுதி, அதே முகவரியைக் குறித்தார். ஒவ்வொன்றிலும் ‘வரம்புக்கு உட்பட்டதன்று’ என்ற குறிப்புடன் படிவம் திரும்பி வந்தது. மாமா அந்தப் பின்னறையிலேயே ஒரு காலைப் பொழுதில் காலமானார். அன்று ஞாயிற்றுக்கிழமை, கதவு திறந்திருந்தது.

தாழ்ப்பாள் அந்தக் கதவில் இருந்தது நான்கு ஆண்டுகள், ஒரு மாதம்.