ஐந்தாவது ரவுட்டர் பெட்டி

ரவுட்டர் விற்பது நன்றிகெட்ட தொழில். வீட்டில் இன்டர்நெட் லைன் நன்றாக வந்தால் பெயர் கம்பெனிக்கு, வராவிட்டால் திட்டு விற்றவனுக்கு.

நீங்களும் ஏதாவது ஒரு கடையில் கவுண்டருக்கு உள்ளே நின்று வயிற்றைக் கழுவுகிறவர் என்றால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. காஜா பெராங்கில் ஒரு கைப்பேசிக் கடையில் ஏழு வருஷம் தலை நிமிராமல் போனுக்குக் கண்ணாடி ஒட்டினேன். பிறகு முதலாளி மணியம் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓர் அலமாரியை வாங்கி, அதில் ரவுட்டர்களை வைத்தேன். சும்மா வைக்கவில்லை. இருபது வகையைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து, சூடேறி நின்றுபோகிறதையெல்லாம் தள்ளிவிட்டு, நூற்றைம்பது வெள்ளி விலைக்குள் ஒரு குடும்பத்துக்குத் தாங்குகிற மூன்றே மூன்றைப் பொறுக்கி எடுத்தேன். என் வாழ்க்கையில் நான் மூளையைப் போட்டுச் செய்த ஒரே வேலை அதுதான்.

அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சீல ஒடச்ச பெட்டிய சரக்கு ஏஜன்ட் திரும்ப எடுக்க மாட்டான்டா. மொத்தம் அஞ்சு பெட்டி ரிட்டர்ன் வந்துச்சுன்னா அலமாரிய கழட்டிடுவேன். நீ பழையபடி கண்ணாடி ஒட்டப் போயிடு" என்றார். ஐந்து என்பது பெரிய எண் என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்த ஐந்தின் கதை இது.

வீட்டில் எத்தனை பேர்?

ரவுட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கொம்பைத்தான். ஆன்டெனாவைச் சொல்கிறேன். எட்டுக் கொம்பு என்றால் கண் விரியும், இரண்டு கொம்பு என்றால் உதடு பிதுங்கும். நான் கேட்பது வேறு. வீட்டில் எத்தனை பேர், எத்தனை போன், டிவி எத்தனை, ஆன்லைனில் படிக்கிறவர்கள் யாராவது உண்டா? செமாபோக்கிலிருந்து வந்த ஒரு பஸ் டிரைவர் அண்ணன், "நாலு பேருதான் தம்பி" என்றார். நாலு பேருக்குத் தாங்குவதைக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் பெட்டியோடு வந்து நின்றார். சாயந்திரமானால் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். மோட்டோர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். ரவுட்டரில் இருபத்திரண்டு கருவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மேல்மாடியில் ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். பாஸ்வேர்டு பக்கத்து வீட்டுத் தங்கச்சி குடும்பத்துக்கும் போயிருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ வீட்ல எத்தன பேருன்னுதானலா கேட்ட? வாடகைக்கு இருக்கறவன் எப்படி எங்க வீட்டாளு ஆவான்?"

சந்தனம், குங்குமம்

இரண்டாவது பெட்டி சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் வந்தது. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆன்ட்டி. நல்ல மனுஷி, கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது பலகாரம் கொண்டுவருவார். பெட்டியைத் திறந்தேன். என் ரவுட்டருக்கு நெற்றி நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், நாலு கொம்பிலும் தலைக்கொரு பூ. காற்றுப் போக வேண்டிய ஓட்டை அத்தனையிலும் சந்தனம் புகுந்து காய்ந்திருந்தது. போதாக்குறைக்கு மஞ்சள் தண்ணீரும் தெளித்திருக்கிறார்.

ஒரு மணி நேரம் பல் குத்தும் குச்சியால் சுரண்டினேன். உயிர் வரவில்லை. ஏஜன்டிடம் கொண்டுபோனால் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். கொஞ்சம் எரிச்சலோடுதான் ஆன்ட்டியிடம் கேட்டேன், கரண்டில் ஓடுகிற சாமானுக்கு யாராவது தண்ணீர் தெளிப்பார்களா என்று. அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் புள்ள படிக்கறதே இதுலதான் தம்பி. புஸ்தகத்துக்கு வச்சிட்டு இதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

இரும்பு அலமாரி

டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு மாமாவுக்குப் பழைய காலத்து நீள வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் பின்னால் சமைக்கிற குசினிக்குக் கேட்காது. சுவர் ஒவ்வொன்றும் முழங்கை நீளத் தடிமன். இந்த மாதிரி வீட்டுக்கு எந்த ரவுட்டர் வாங்குகிறோம் என்பதைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று படம் போட்டுக் காட்டினேன். நடுக்கூடம், உயரமான இடம், சுற்றிலும் ஒன்றும் மறைக்கக் கூடாது. "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள், லைன் கதவைக்கூடத் தாண்டவில்லை என்று ஆள் அனுப்பினார். போனேன். நடுக்கூடத்தில்தான் வைத்திருந்தார். ஆனால் இரும்பு அலமாரிக்குள். வயர் போக ஒரு பக்கம் ஓட்டை போட்டு, பூட்டி, சாவியை இடுப்பு வாரில் கோர்த்திருந்தார். கதவைத் திறந்து வைத்தபோது வீடு முழுக்க லைன் பாய்ந்தது. மூடினால் போயிற்று. நாலு தடவை திறந்து மூடிக் காட்டினேன். நாலு தடவையும் தலையாட்டிவிட்டு, கடைசியில் மறுபடியும் பூட்டி, அப்புறம் யோசித்து ரவுட்டரையே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

"காசு போட்டு வாங்குன சாமான வெளியில வைக்கச் சொல்றியே, எவனாச்சும் தூக்கிட்டுப் போனா நீயா வந்து நிப்ப?"

இடி

கிளேபாங் அங்கிள் ஒருவர், கடலோர வீடு. அடுத்த வருஷம் மெர்டேக்கா சுதந்திர தின லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று வாங்கிப்போனார். ஒரு சாயந்திரம் நாலு மணிக்கு நின்றது, பிறகு வேலையே செய்யவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார். கடையில் மாட்டினால் மணிக்கணக்கில் ஓடுகிறது. குடைந்து குடைந்து விசாரித்ததில் தெரிந்தது: இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். அது நல்ல பழக்கம்தான் அங்கிள், மழை விட்டதும் திரும்ப மாட்டினீர்களா என்று கேட்டேன்.

"மாட்டணும்னு பெட்டியில எங்கயும் எழுதலயே!"

முதலாளி வீடு

நாலு ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மணியம் அண்ணன் தன் வீட்டுக்கே ஒரு ரவுட்டர் வேண்டும் என்றார். பழையது ஹாலைத் தாண்டாதாம். பிள்ளைகள் மூன்று பேரும் தினமும் புலம்புகிறார்களாம். இந்த ஒரு வீட்டில் சரியாகச் செய்து காட்டினால் போதும், அலமாரி பிழைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த வீட்டில் கிடந்தேன். யாரையும் நம்பவில்லை, போன், டிவி, கேமரா எல்லாவற்றையும் நானே எண்ணினேன். மாடிப்படித் திருப்பத்தில், எந்தக் கையும் எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். ஒவ்வோர் அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தேன். குளியலறையில்கூட சிக்னல் ஐந்து கோடும் நின்றது. அண்ணன் என் முதுகில் தட்டினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே போனேன்.

ஐந்தாம் நாள் காலை அண்ணி கடைக்கு வந்தார். கையில் பெட்டி. சூடாகிறதா அண்ணி? இல்லை. விட்டு விட்டு வருகிறதா? இல்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? அதுவும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருந்த அண்ணனே எழுந்து வந்து, "பின்ன என்னதான் கேடு?" என்று அதட்டினார். அண்ணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"பழசு இருந்தப்ப ஹால்ல மட்டுந்தான் லைன் வரும், மூணு பேரும் சோபாவுல எம்பக்கத்துல கெடப்பாங்க. இப்ப ஆளுக்கொரு ரூம்ல கதவ சாத்திக்கிட்டாங்க, நாலு நாளா நான் ஒத்தையில ஒக்காந்து சாப்புடுறேன். ஒன் சாமான்ல ஒரு கொறையும் இல்ல தம்பி, ரொம்ப நல்லா வேல செய்யுது. அதான் கொண்டாந்துட்டேன்."

ஆகவே, சக பாவிகளே, நான் எந்தக் குறையும் இல்லாமல் லைன் கொடுத்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான், என் ரவுட்டர் வியாபாரம் முடிந்ததும் அந்த வீட்டால்தான்.